எதிரொலி கேட்கும் கம்பி

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் காலை பத்து மணிக்கு மேல் ஓயாமல் கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. பென் டிரைவைச் செருகியதும் ஏறுமுகமாக இரண்டு சுரம், பிடுங்கியதும் இறங்குமுகமாக இரண்டு சுரம். சில நாள் யாரும் எதையும் தொடாமலேயே இரண்டும் மாறி மாறி வரும். கருவி போனது, வந்தது, மறுபடி போனது. கடைக்காரர் ஒயரை ஆட்டிப் பார்ப்பார், "லூஸ் கான்டாக்ட்" என்பார், வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுவார். பாதி நேரம் அவர் சொல்வது சரிதான். மீதிப் பாதியில்தான் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. செருகப்பட்ட பொருள் அங்கேயே இருக்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் இல்லை. போர்ட்டுக்குள் அழுத்தினால் சொடுக்கும் பொத்தான் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் கம்பிகள். பழைய யுஎஸ்பி 2.0 கேபிளை வெட்டிப் பார்த்தால் நான்கு தெரியும். சிவப்பில் 5 வோல்ட் வருகிறது, கறுப்பு கிரவுண்டு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. கணினி தன் பக்கத்தில் பச்சையையும் வெள்ளையையும் ஆளுக்கொரு 15,000 ஓம் மின்தடை வழியாகத் தாழ இழுத்து வைத்திருக்கிறது. எதுவும் செருகாதபோது இரண்டிலும் பூஜ்யம். செருகப்படும் கருவிக்குள் 1,500 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். அது இரண்டில் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டை நோக்கி மேலே தூக்கும். பச்சை உயர்ந்தால் வந்திருப்பது வேகமான கருவி. வெள்ளை உயர்ந்தால் மவுஸ், கீபோர்டு போன்ற மெதுவான கருவி. வருகை அறிவிப்பு என்பது இவ்வளவுதான், சில பைசா விலையுள்ள ஒரு மின்தடை.

தூக்கிய மின்னழுத்தம் 2.5 மைக்ரோ விநாடி நேரம் காணாமல் போனால் போதும், கருவி போய்விட்டது என்று கணினி முடிவுகட்டிவிடும். ஒரு விநாடியின் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு நேரம் அது. திரும்பி வருவதை ஏற்க மட்டும் அவ்வளவு அவசரம் காட்டாது. பிளக் உள்ளே நுழையும்போது தகடுகள் தட்டித் தடுமாறித்தான் உட்காரும் என்பதால், 100 மில்லி விநாடி நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும். விடை கொடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல 40,000 மடங்கு நேரம் வரவேற்க ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நொடிப்புக்குக்கூட முழுதாய்ப் போய் முழுதாய் வந்த சத்தம் கேட்பது இதனால்தான்.

1996 ஜனவரியில் இந்தத் தரத்தின் முதல் பதிப்பு வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் வதோதராவில் பிறந்த அஜய் பட். அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு வாய், மவுஸுக்கு ஒரு வாய், மோடத்துக்கு ஒரு வாய் என்று கணினியின் முதுகு முழுக்க வெவ்வேறு வடிவ ஓட்டைகள். ஒன்றை மாற்றினால் கணினியை அணைத்துப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம், பிடுங்கலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தது யுஎஸ்பி. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். செருகலாம், பிடுங்கலாம் என்று அனுமதித்துவிட்டால், எந்தக் கணத்திலும் கருவி காணாமல் போகக்கூடும் என்று எதிர்பார்த்தே கணினி வாழவேண்டும். அந்த எச்சரிக்கையின் விலையைத்தான் தேவையில்லாத நேரத்தில் நாம் சத்தமாகக் கேட்கிறோம்.

மின்தடை தூக்கும் உத்தி மெதுவான காலத்துக்கு உரியது. 2000இல் வந்த யுஎஸ்பி 2.0 விநாடிக்கு 48 கோடி பிட் அனுப்புகிறது. அந்த வேகத்தில் பேச ஆரம்பித்தவுடன் கருவி தன் 1,500 ஓம் மின்தடையை அவிழ்த்துவிடும். பிறகு அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தமானது. கணினி தன் குரலின் எதிரொலியைக் கேட்கிறது.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அலை ஓடும். மறுமுனை எதிலும் கட்டாமல் தொங்கினால் அலை அங்கே துள்ளித் திரும்பி வரும். மறுமுனையை ஒருவர் தளர்வாகப் பிடித்து, அலையோடு கையை அசைய விட்டால் அது அங்கேயே அடங்கிவிடும். கம்பிக்குள் ஓடும் மின்னலைக்கும் இதே விதி. கருவிக்குள் ஒவ்வொரு தகவல் கம்பிக்கும் 45 ஓம் மின்தடை ஒன்று அலையை வாங்கி அடக்குகிறது. கருவி இருக்கும்வரை கணினியின் குறியீடு 400 மில்லிவோல்ட் உயரத்தில் நிற்கும். கருவி இல்லையென்றால் அடக்க ஆளில்லை. அலை திரும்பி வந்து புறப்படும் அலையோடு சேர, உயரம் இரட்டிப்பாகி 800 மில்லிவோல்ட்டை நெருங்கும். 625ஐத் தாண்டினாலே மறுமுனை காலி என்று அர்த்தம். குரல் உரக்கக் கேட்டால் எதிரில் யாருமில்லை.

இந்தச் சோதனை விநாடிக்கு 8,000 முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் கணினி 40 பிட் நீளத்துக்குத் தன் குறியீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மற்ற செய்திகளின் முடிவில் 8 பிட் போதும், இதற்கு மட்டும் ஏன் 40? அந்த நீளம் சுமார் 83 நானோ விநாடி. கேபிளுக்குள் மின்னலை ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் போகும். ஐந்து மீட்டர் கேபிளின் கடைசிவரை போய்த் திரும்ப 50 நானோ விநாடிக்கு மேல் ஆகும். எதிரொலி வந்து சேருவதற்கு முன் பேச்சை நிறுத்திவிடக் கூடாதல்லவா? யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது என்று பெட்டிக்கடைவரை பரவியிருக்கும் விதிக்கும் இப்படிப்பட்ட நேரக் கணக்குகளே அடிப்படை.

பாதி வழியில் ஏதாவது தடை இருந்தால் அங்கிருந்தும் ஒரு சின்ன எதிரொலி கிளம்பும். மேஜைக்காலுக்கு அடியில் நசுங்கிய இடம், ஒன்றோடு ஒன்று கோத்த இரண்டு எக்ஸ்டென்ஷன் கேபிள், உள்ளுக்குள் முறுக்கு அவிழ்ந்த கம்பி எல்லாம் இதைச் செய்யும். கருவி பத்திரமாக இருக்கும்போதே குறியீடு எல்லை தாண்டிக் காட்டலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, குறியீடு சிதைந்து செய்தி பிழைபடுவது. ஒவ்வொரு பொதியின் கடைசியிலும் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். அது பொருந்தாவிட்டால் கணினி திரும்பக் கேட்கும். தொடர்ந்து மூன்று முறை தப்பினால் அந்தப் பேச்சைக் கைவிடும். பிறகு டிரைவர் மென்பொருள் கருவியை உலுக்கி முதலிலிருந்து தொடங்கும். நசுங்கிய கேபிளில் செருகிய மவுஸ் பிரச்சினையில்லாமல் வேலை செய்வதும், அதே கேபிளில் ஹார்ட் டிஸ்க் தத்தளிப்பதும் இதனால்தான். மவுஸின் அலை நீண்டது, சின்ன மேடு பள்ளம் அதற்குத் தெரியாது.

இதுவரை பேசியது பச்சை, வெள்ளைக் கம்பிகளின் கதை. தாம்பரத்துப் பக்கம் நான் கேள்விப்பட்ட கேஸ்களில் பெரும்பாலானவை சிவப்பு, கறுப்புக் கம்பிகளின் கதை.

வெளியில் வைக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்கின் அடியில் ஒட்டிய சீட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போட்டிருக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 0.5 ஆம்பியர், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் 0.9. தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில்தான் டிஸ்க் அதிக மின்னோட்டம் இழுக்கும். இடையில் கேபிள் வேறு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மலிவு கேபிளில் மின்சாரம் போகும் கம்பி 28ஆம் கேஜ், அதாவது 0.32 மில்லிமீட்டர் தடிமன். மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. இரண்டு மீட்டர் கேபிள் என்றால் போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நான்கு மீட்டர், 0.85 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஐந்தில் மிஞ்சுவது நாலேகாலுக்கும் குறைவு. கணினியின் போர்ட்டில் 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தரம் சொல்கிறது. அப்படி விளிம்பில் தருகிற போர்ட்டாக இருந்தால் டிஸ்குக்குக் கிடைப்பது நான்கு வோல்ட்கூட இல்லை.

அப்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். மின்னழுத்தம் தாழ்ந்ததும் டிஸ்குக்குள் இருக்கும் சில்லு மயங்கி விழுகிறது. பேச்சு அறுகிறது, கணினி இறங்குமுகச் சத்தம் போடுகிறது. டிஸ்க் இழுப்பதை நிறுத்தியதால் மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது, சில்லு விழித்துக்கொள்கிறது, ஏறுமுகச் சத்தம். விழித்ததும் மோட்டாரைச் சுழற்றப் பார்க்கிறது, மின்னழுத்தம் மறுபடி விழுகிறது. குறையே ஒரு கடிகாரமாகிவிடுகிறது. சீரான இடைவெளியில், சில விநாடிக்கு ஒரு தடவை என்று போய்வந்துகொண்டிருந்தால், அது பசி. வைரஸும் இல்லை, டிரைவரும் இல்லை. குட்டையான, தடித்த கேபிள் போட்டால் தீரும். அல்லது தனி அடாப்டர் வைத்த ஹப் வேண்டும். கேபிளின் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் இரண்டு கேஜ் எண் அச்சிட்டிருக்கும், 28 தகவல் இணைக்கு, 24 மின்சாரத்துக்கு என்பது போல. எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 24 என்றால் அதே இரண்டு மீட்டரில் இழப்பு 0.34 வோல்ட்தான். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கேபிள் வாங்குபவர்கள் நிறத்தையும் நீளத்தையும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது அந்த எண்ணை.

இதே கணக்கு இந்த ஊரின் தண்டவாளத்தின் மேலேயே ஒரு முறை போடப்பட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது தலைக்கு மேலிருந்த கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். தாழ்ந்த மின்னழுத்தத்தில் பெரிய திறனைக் கொண்டுபோனால் மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் பெருகினால் கம்பியில் இழப்பு அதன் வர்க்கமாகப் பெருகும். 1960களில் அந்தத் தடம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. அதே திறனுக்கு மின்னோட்டம் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு, அதே கம்பியாக இருந்தால் இழப்பு 280இல் ஒரு பங்கு. யுஎஸ்பியும் அந்தப் பாதையைத்தான் பிடித்தது, கொஞ்சம் தாமதமாக. டைப்-சி வாயில் பவர் டெலிவரி என்று வருகிற ஏற்பாட்டில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேரம் பேசி 5 வோல்ட்டிலிருந்து 9, 15, 20 என்று ஏறுகின்றன. 2021இல் வந்த பதிப்பு 48 வோல்ட்வரை போகிறது, 240 வாட். ஸ்ரீபெரும்புதூரில் 2023இல் தயாரான ஐபோன் 15க்கும் டைப்-சி வாய்தான். ஆனால் நம் மேஜையில் கிடக்கும் டிஸ்க், வெப்கேம், கைரேகைக் கருவி எல்லாம் இன்னும் 1931ஆம் ஆண்டுத் தண்டவாளத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பசியின் இன்னொரு வடிவம் நிமிடக் கணக்கில் வரும். சில போர்ட்டுகளுக்குப் பின்னால், அளவுக்கு மீறி இழுத்தால் சூடாகித் தானே அடைத்துக்கொள்ளும் பாலிமர் ஃபியூஸ் ஒன்று உண்டு. ஆறினால் திறந்துவிடும். சுற்றுப்புறம் சூடாக இருந்தால் அது தாங்கும் அளவு குறையும். மே மாதத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், காலையில் ஒழுங்காக இருந்த கருவி மதியம் இரண்டு மணிக்கு மக்கர் பண்ணினால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம்.

இனி கடைக்காரரின் லூஸ் கான்டாக்ட். டைப்-ஏ வாய்க்குத் தரம் கேட்கும் ஆயுள் 1,500 முறை செருகிப் பிடுங்குவது. நாளைக்கு நூறு பென் டிரைவ் வந்துபோகிற கடையில் அது பதினைந்து நாளைக்குத்தான் காணும். மைக்ரோ யுஎஸ்பிக்கும் டைப்-சிக்கும் 10,000 முறை. மைக்ரோவை வடிவமைத்தவர்கள் ஒரு சூட்சுமம் செய்தார்கள். தேயக்கூடிய வில்களைப் போனின் வாயிலிருந்து எடுத்துக் கேபிளின் பிளக்குக்கு மாற்றிவிட்டார்கள். தேய்ந்தால் மாற்ற வேண்டியது நூறு ரூபாய்க் கேபிள், போர்டு இல்லை. ஜெராக்ஸ் கடையிலும் இந்த உபாயம் பலிக்கும். கணினியின் போர்ட்டில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனை நிரந்தரமாகச் செருகிவைத்து, வருகிறவர்களின் பென் டிரைவை அதன் முனையில் செருகினால் தேய்வது அதுதான். எதிரொலிப் பிரச்சினையைச் சொல்லிவிட்டு எக்ஸ்டென்ஷன் போடச் சொல்கிறானே என்று கேட்கலாம். ஒன்று போதும், அரை அடி போதும்.

தேய்மானத்தோடு நம் காற்றும் சேர்கிறது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோர இடங்களில் சன்னலைத் திறந்து வைத்தால் உப்புத்துளி உள்ளே வரும். தாம்பரம் உள்ளே தள்ளி இருப்பதால் கொஞ்சம் தப்பித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு மாதிரி இடங்களில் மட்கும் பொருட்களிலிருந்து எழும் கந்தக வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். நல்ல பிளக்கில் செம்புத் தகட்டின் மேல் நிக்கல், அதன் மேல் தங்கம் பூசியிருக்கும். மலிவானதில் தங்கம் பெயருக்குத்தான். நுண்துளை வழியாக ஈரமும் குளோரைடும் இறங்கிக் கீழே உள்ள உலோகத்தை அரிக்கும். இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு அரிபடும் என்று வரைபடமே போட்டது காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அதில் கடற்கரையோரம் தனியாகத் தெரியும். புதுத் தகட்டின் தொடுதடை ஒரு ஓமின் நூறில் சில பங்குதான். அரிபட்டால் அது பல மடங்காகும், அதுவும் நிலையில்லாமல். ஒயரை ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது என்றால் பசியல்ல, தொடுதல். பிளக்கை அணைத்த நிலையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கலாம். வாயால் ஊதுவது நம் தேசியப் பழக்கம். தூசியை எடுத்து ஈரத்தை வைப்பதே அதில் நடப்பது.

மூன்றாவது வகைதான் ஆளைப் பைத்தியமாக்கும். ஒயரைத் தொடவில்லை, டிஸ்க் பசியோடு இல்லை, கேபிள் புதிது. ஆனால் பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் டியூப்லைட்டைப் போடும்போதும் வெப்கேம் செத்துப் பிழைக்கிறது. சுவிட்சின் தகடுகள் பிரியும் கணத்தில் ஒரு தீப்பொறி. அது சின்ன வானொலி நிலையம் போல எல்லா அலைவரிசையிலும் ஒரு கூச்சல் போட்டு அடங்கும். வீட்டு ஒயரிங்கும் யுஎஸ்பி கேபிளும் அதற்கு ஆன்டெனா. எர்த் சரியில்லாத வீட்டில் இது மோசமாகும், ஏனென்றால் கேபிளின் வெளிக்கவசம் வாங்கிய கூச்சலைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுரீரென்று மெல்ல ஓடும் வீடுகளில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், யுஎஸ்பி அப்புறம். சில கேபிள்களின் முனையில் உருண்டையாகத் தடித்திருக்கிறதே, அது ஃபெரைட் வளையம், அந்தக் கூச்சலை வெப்பமாக மாற்றி விழுங்குவதற்கு. தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில், எதிரொலி இல்லாத அறைக்குள் கருவிகளை வைத்து இந்த மாதிரிக் கூச்சலை அவை எவ்வளவு கக்குகின்றன, எவ்வளவு தாங்குகின்றன என்று சோதிக்கிறார்கள். விரலில் சேரும் நிலைமின்சாரம் போலச் சில ஆயிரம் வோல்ட்டை வேண்டுமென்றே பாய்ச்சிப் பார்ப்பதும் இந்த வகைச் சோதனைகளில் ஒன்று.

யுஎஸ்பி 3 தானே ஒரு கூச்சல்காரன் என்பதையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு 500 கோடி பிட் ஓடும்போது கிளம்பும் சிதறல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. ஒயர்லெஸ் மவுஸும் பழைய வைஃபையும் பேசுவது அங்கேதான். 2012இல் இன்டெல்லே இதை அளந்து வெளியிட்டது. நீலப் போர்ட்டில் டிஸ்க், அதற்கு அடுத்த போர்ட்டில் மவுஸின் குட்டி டாங்கிள் என்று வைத்துவிட்டு மவுஸைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. டாங்கிளை ஒரு முழம் தள்ளிவைத்தால் சரியாகிவிடும்.

கூச்சலும் இல்லாமல், சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மட்டும் கருவி காணாமல் போயிருந்தால் அது தூக்கம். கம்பியில் 3 மில்லி விநாடி அமைதி நிலவினாலே கருவி உறக்க நிலைக்குப் போக வேண்டும், இழுப்பு 2.5 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும் என்பது தரம். லேப்டாப்பின் பேட்டரியை மிச்சப்படுத்தக் கணினி வேண்டுமென்றே இந்த அமைதியை உண்டாக்கும். ஒழுங்கான கருவி கூப்பிட்டதும் எழும். சில மலிவுக் கருவிகள் எழத் தெரியாமல் விழுந்துவிடும். விண்டோஸில் பவர் பிளானுக்குள் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற வரியை அணைத்துவிட்டால் இந்த வகைக் கோளாறு ஒரே நாளில் மறையும். ஒரு பைசா செலவில்லாததால் முதலில் செய்து பார்ப்பதில் தப்பில்லை.

ஊகிக்காமல் கணினியையே கேட்கவும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த லினக்ஸின் பின்னால் நின்ற தேசிய கட்டற்ற மென்பொருள் வள மையத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் பங்காளி. தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன். அந்த லினக்ஸைப் பெரும்பாலான பிள்ளைகள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் ஊகம். பார்த்திருந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பை 'டிமெசேஜ்' (dmesg) என்ற ஒற்றைக் கட்டளையில் படித்திருக்கலாம்.

அதில் ஒவ்வொரு வருகைக்கும் கெர்னல் ஒரு எண் போடும். டிவைஸ் நம்பர் 7 போய்விட்டது, அடுத்து 8 வந்தது, 8 போனது, 9 வந்தது என்று ஏறிக்கொண்டே போகும். முகவரிக்கு ஒதுக்கியது 7 பிட் என்பதால் 127ஐத் தொட்டதும் மறுபடி சின்ன எண்ணுக்குத் திரும்பும். காலையில் 5 ஆக இருந்த டிஸ்க் மதியம் 90 என்றால் நீங்கள் கவனிக்காத நேரத்திலும் அது போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. பிழைக்குப் பின்னால் மைனஸ் 71 என்று வந்தால் செய்தி சிதைந்து வந்தது என்று பொருள். முதல் சந்தேகம் கேபிள் மேல். மைனஸ் 110 என்றால் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. கருவி மயங்கியிருக்கலாம், மின்சாரத்தைப் பாருங்கள். 'ஓவர் கரன்ட்' என்று வந்தால் பேச்சே வேண்டாம். இன்னொரு வரி உண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பேசும் முறை முடிந்த பிறகும் கம்பியில் சத்தம் கேட்டால் ஹப் அந்த வாயை மூடிவிடும். அப்போது கெர்னல், இந்தப் போர்ட்டை ஹப் மூடிவிட்டது என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'இஎம்ஐ?' என்று போடும். வங்கித் தவணை அல்ல, மின்காந்த இடையூறு. எழுதியவருக்கே சந்தேகம் இருந்ததால் கேள்விக்குறியோடு விட்டிருக்கிறார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகளில் அந்தக் கேள்விக்குறி அப்படியே போய்ச் சேர்ந்தது.

விண்டோஸில் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற எண்ணும் தெரியும், கருவி தன்னிடம் கோளாறு என்று சொல்லிவிட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் டிரைவரை அழித்து மறுபடி போடுகிறார்கள். எப்போதாவது பலிக்கும். அதற்கு முன் அதே கேபிளை வேறு கணினியிலும், வேறு கேபிளை அதே கணினியிலும் செருகிப் பார்த்தால் குற்றவாளி மூன்றில் யார் என்று பத்து நிமிடத்தில் பிடிபடும். கோளாறு கருவியைப் பின்தொடர்கிறதா, கேபிளையா, போர்ட்டையா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவசரத்தில் மூன்றையும் மாற்றிவிட்டால் சரியாகும், எது சரிசெய்தது என்பது தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் வரும்.

இவ்வளவும் கோளாறுகள். கோளாறே இல்லாமலும் போய்வருவது உண்டு. புறநகர் ரயிலில் போகும்போது சில இடத்தில் விளக்கும் மின்விசிறியும் சில விநாடி நின்று திரும்பும். அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு ஃபேஸில் மின்சாரம் தருவதால் இரண்டும் உரசிக்கொள்ளாமல் இடையில் ஒரு துண்டுக் கம்பியை மின்சாரமில்லாமல் விட்டிருக்கிறார்கள். ரயில் தன் வேகத்திலேயே அதைக் கடந்துவிடும். யுஎஸ்பியில் இதற்கு நிகரானதை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் டேட்டா கார்டு வைத்திருந்த எல்லோரும் தினம் பார்த்தார்கள். அந்தக் கார்டைச் செருகியதும் அது மோடமாக வராது, சிடி டிரைவாக வரும். அந்தச் சிடிக்குள் தனக்கு வேண்டிய மென்பொருளைச் சுமந்துகொண்டு வருகிறது. மென்பொருள் ஏறியதும் கணினி அதற்கு 'சிடியை வெளியே தள்ளு' என்ற கட்டளை அனுப்பும். உடனே கார்டு கம்பியிலிருந்து விலகி, இல்லாமல் போய், வேறு அடையாள எண்ணோடு மோடமாகத் திரும்பி வரும். இறங்குமுகச் சத்தம், ஏறுமுகச் சத்தம். இன்று ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி, சார்ஜ் மட்டும் என்பதிலிருந்து ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு மாற்றித் தட்டினாலும் பல போன்களில் நடப்பது இதுதான். அந்த ஒரு சத்தத்துக்காகக் கேபிளை மாற்ற வேண்டியதில்லை.